நாடா மெஷினில் ஒரு ரத்தக்குழாய்

"வீரபாண்டியில் ரத்தக்குழாய் பின்னும் பட்டறைக்குப் போக வேண்டும்" என்று திருப்பூர் ஆட்டோக்காரரிடம் சொன்னது என் தப்புதான். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ஓட்டிக்கொண்டு போய் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் நிறுத்தினார். "வெறும் வயித்துல வந்திருக்கறீங்களா அம்மிணி? சாப்புட்டிருந்தா மத்தியானம் வரச் சொல்லுவாங்க" என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்தார். எனக்குள்ளே மூன்று இட்லியும் ஒரு வடையும் போயிருந்தன. ஈப்போவில் என்றால் ஓட்டுநரிடம் ஒரு மூச்சு கத்தியிருப்பேன். வாயைத் திறந்தாலே 'ங்க' வந்து விழுகிற ஊரில் யாரிடம் போய்க் கத்துவது?

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் என்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் விஞ்ஞானிகள் கேட்பதைச் செய்து கொடுக்கும் உதவியாளர். உடம்பில் பழுதாகிப் போன பாகங்களை மறுபடி வளர்க்க முயலும் கூட்டம் எங்களுடையது. என் பங்குக்கு வந்தது ரத்தக்குழாய். உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரைந்துபோகும் ஒரு நூலில் பென்சில் பருமனுக்குக் குழாய் பின்ன வேண்டும். நோயாளியின் சொந்த உயிரணுக்களை அதன்மேல் வளர்க்க வேண்டும். நூல் கரைந்து முடிவதற்குள் உயிரணுக்கள் தாங்களாகவே சுவர் எழுப்பிக்கொள்ளும். கடைசியில் நூல் இருக்காது, ரத்தக்குழாய் இருக்கும். எழுத எளிதாகத்தான் இருக்கிறது. மூன்று வருடமாக எங்கள் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. என் அண்ணன் குணாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஊசி ஏற்றுவதற்கு நல்ல ரத்தக்குழாய் வேண்டும். இடது கையில் அறுவை செய்து வைத்த இணைப்பு அடைத்துக்கொண்டது. வலது கையில் வைத்ததும் அப்படியே. இப்போது கழுத்தோரமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் கிருமி தொற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நாளடைவில் சொந்தச் சதையாகவே மாறிவிடும் ஒரு குழாய் கிடைத்தால் அண்ணனுக்கு இன்னும் பல வருடம் உண்டு. மாதக் கடைசிக்குள் ஒழுகாத குழாய் ஒன்றைக் காட்டாவிட்டால் பின்னலை மூட்டை கட்டிவிடலாம் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கைப்பையில் மூன்று சின்ன நூல் உருளைகளோடு கிளம்பிவிட்டேன்.

ஏன் திருப்பூர் என்று கேட்பீர்கள். டிராக் பேண்ட் இடுப்பில் ஒரு நாடா இருக்குமல்லவா, அதை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே வெறும் குழாய். இந்த மகத்தான உண்மையை நான் கண்டுகொண்டது வீட்டில் துணி காயப் போடும்போது. இடுப்பின் உள்பக்கம் தைத்திருந்த சீட்டில் இந்தியா என்று இருந்தது. நான்கைந்து பேரிடம் விசாரித்ததில் வேலுச்சாமி அண்ணன் அகப்பட்டார். வீரபாண்டியில் நாடா பின்னும் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் எப்போதும் ஒரு துண்டுத்துணி.

ஆட்டோ ஒருவழியாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. "வாங்க அம்மிணி, மொதல்ல சாப்புடுங்க" என்றார் வேலுச்சாமி அண்ணன். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒன்றாக வேக வைத்த சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று கொஞ்சம் யோசித்தேன்.

சாப்பிட்டதும் நூலைக் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கரைஞ்சு போற நூலுல எதுக்குங்க பின்னோணும்?"

விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திறந்தார். "சென்ட்ரிங் பலகையாட்டங்களா? காங்கிரீட்டு புடிக்கற வரைக்கும் முட்டுக் குடுத்துட்டு, பொறவு பிரிச்சுப் போடறாப்புல?"

எங்கள் பேராசிரியர் இதைச் சொல்ல ஒரு முழு உரை நிகழ்த்துவார். நெய்த குழாய் ஏன் கூடாது என்றும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் டி-ஷர்ட்டின் கழுத்தை இழுத்துவிட்டார். அது விரிந்து மறுபடி தன் இடத்துக்கு வந்தது. "நாடி துடிக்கோணுமுன்னா இப்படி விரிஞ்சு சுருங்கோணுமுங்களே. நெய்த துணி அதுக்கு ஆவாதுங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை முழுக்க எண்ணெய்ப் பஞ்சாயத்து. பின்னல் ஊசிகளுக்கு எண்ணெய் விடாமல் மெஷின் ஓட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. எண்ணெய் பட்ட நூலில் உயிரணு ஒன்றுகூட ஒட்டாது என்பது என் கட்சி. இரண்டு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, துடைத்து, உலர்த்தி மாட்டினார். எண்ணெய் இல்லாத மெஷின் ஒரு மாதிரி கீச்சிட்டது. அவர் முகம் பல்வலி வந்தவர் முகம் போல ஆகிவிட்டது. "பச்சப் புள்ளைய எண்ணெ வெக்காம தலை சீவறாப்புல இருக்குதுங்க" என்றார்.

அவர் மெஷினை ஓட்டுபவர் மனோஜ். ஜார்க்கண்டிலிருந்து வந்து எட்டு வருடம் ஆகிறது, தமிழ் நன்றாகவே புரியும், பேசுவதற்கு மட்டும் கூச்சம். போனில் மனைவியிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். தொடர்கள் பார்த்துப் பார்த்து எனக்கு இந்தி கொஞ்சம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. "வெளிநாட்டிலிருந்து ஓர் அக்கா வந்திருக்கிறார். நூலைத் தூங்குகிற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தமாகப் பேசினால் நம்மைத் திட்டுவார் போலிருக்கிறது." திட்டத்தான் நினைத்திருந்தேன். இதைக் கேட்ட பிறகு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முதல் உருளை தீர்ந்தது. பின்னல் கண்ணியை இறுக்கினால் நூல் அறுந்தது. தளர்த்தினால் பின்னல் வந்தது, ஆனால் ஓட்டை ஓட்டையாக வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக நடந்த கதை ஒரே நாளில் இங்கேயும் நடந்து முடிந்தது.

புதன்கிழமை வேலுச்சாமி அண்ணன் பொறுமையாக இரண்டாவது உருளையை மாட்டினார். அறுந்து, கட்டி, மறுபடி அறுந்து, மாலை நான்கு மணிக்கு ஒரு சாண் நீளக் குழாய் கையில் கிடைத்தது. கண்ணிகள் கொஞ்சம் தளர்வுதான், ஆனால் ஒன்றுகூட நழுவியிருக்கவில்லை. இப்படிச் சீரான ஒன்றை நான் இதுவரை பார்த்ததே இல்லை. ஒழுகும் என்று தெரியும். ஆனாலும் பேராசிரியரிடம் இதைக் காட்டி இன்னும் இரண்டு மாதம் கெஞ்சிக் கேட்கலாம். பட்டறை முழுக்கப் பஞ்சுத் தூசி. தூசியில்லாத ஒரே இடம், பின்னிய நாடாவை அளந்து பார்க்கும் பரிசோதனை அறை. அங்கே மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் குழாயைப் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் படக்கூடாது என்று அண்ணனிடமும் மனோஜிடமும் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் தட்டு நிறையக் காளான் மசாலா வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் கூட்டம் என்னைத் தூக்கி ஒரு பேருந்துக்குள் போட்டது. உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் நடத்துநரிடம் வீரபாண்டி வந்துவிட்டதா என்று கேட்டேன். "இது சாமளாபுரம் போறதுங்களே. வீரபாண்டி அக்கட்டால, வேற ரோட்டுல இருக்குதுங்க" என்றார், ஏதோ தானே தப்பு செய்துவிட்டவர் மாதிரி. சாமளாபுரத்தில் இறங்கினால் தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்கவில்லை. ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தவையும் தேங்காய்ப்பாலும் தந்தார்கள். நாங்கள் புட்டு மாயம் என்று சைக்கிளில் வைத்து விற்கும் இடியாப்பத்தைத்தான் இங்கே இத்தனை மென்மையாகச் செய்கிறார்கள். கோபம் பாதி குறைந்தது. திரும்பி வீரபாண்டி வந்து சேர மதியம் பன்னிரண்டு.

பரிசோதனை அறையில் வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

பரிசோதனை அறை செல்வியின் பொறுப்பு. தேனிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அந்த மேஜைக்கு வரும் எதுவும் துவைக்காமல் வெளியே போனதில்லை. அளவெடுத்து, நோட்டில் எழுதி, வெந்நீரில் அலசி, உலர்த்தி, மறுபடி அளவெடுத்து, எத்தனை சுருங்கியது என்று எழுதுவதுதான் அவள் வேலை. அதைத்தான் காலையில் ஒழுங்காகச் செய்திருந்தாள். அவள் நீட்டிய தட்டில் என் குழாய் பாதியாகச் சுருங்கி, வெள்ளைப் புழு மாதிரி கிடந்தது.

நான் கத்தினேன். திருப்பூருக்கு வந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. மனோஜ் மெஷினை நிறுத்திவிட்டார். செல்வி அழவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"துவைக்காம எப்பிடிக்கா அனுப்புறது? எந்தப் பீஸ் வந்தாலும் அப்பிடித்தேன் செய்வோம். தண்ணி படக்கூடாதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏன்க்கா தொடப்போறேன்?"

சொல்லவில்லைதான். முதலாளியிடம் சொன்னேன். மெஷின் ஓட்டுபவரிடம்கூடச் சொன்னேன். துணி துவைக்கும் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் என்னிடம் யாராவது இப்படி எதையாவது சொல்லாமல் விட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். வெட்கமாக இருந்தது. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அண்ணன் குணாவின் கழுத்துக் குழாய்தான் கண்ணுக்குள் நின்றது. இனி ஒரே ஓர் உருளைதான் பாக்கி.

அரை மணி நேரம் கழித்து வேலுச்சாமி அண்ணன் வந்தார். இழை எண்ணும் சின்ன பூதக்கண்ணாடியும் அந்தச் சுருங்கிய குழாயும் அவர் கையில் இருந்தன.

"அம்மிணி, கோவம் போச்சுங்களா? இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஓட்டை என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

"இறுக்கிப் பின்னுனா நூலு அந்துபோவுதுன்னீங்க. நாம எதுக்குங்க இறுக்கோணும்? தொளதொளன்னு பெருசாப் பின்னி, வெந்தண்ணியில போட்டாத் தன்னால இறுகிக்கும். சுருங்குனதுக்குப் பொறவு வர்றதுதானுங்க அளவு. பனியன் அப்படித்தானுங்க பின்னறோம், ஆளுக்குத் தக்க பின்னறதில்லீங்க, சுருக்கத்துக்குத் தக்கத்தானுங்க பின்னறோம்."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெப்பம் என்றாலே பகை. சூடு பட்டால் நூல் சுருங்கும், ஆகவே சூடே படக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். சுருக்கத்தை முதலிலேயே அளவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று, படித்தவர்கள் இத்தனை பேரில், ஒருவருக்கும் தோன்றவில்லை. உடனே ஆய்வுக்கூடத் தோழிக்குப் போன் போட்டேன். சில நிமிட வெந்நீரால் நூலின் ஆயுள் எவ்வளவு குறையும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், ஆனால் அதிகம் குறையாது என்றே நினைக்கிறேன் என்றாள். அவள் குரலிலேயே உற்சாகம் தெரிந்தது.

செல்வியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா. எங்க சூப்பர்வைசர் கத்துறதுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றாள். பிறகு நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை என்று அழகாக எழுதியிருந்தாள். நான் வந்ததும் கத்தாமல் கேட்டிருந்தால் அப்போதே காட்டியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை. கணக்குப் போட்டது செல்வி. பென்சில் பருமன் வேண்டுமானால் கட்டைவிரல் பருமனுக்குப் பின்ன வேண்டும் என்றாள். வேலுச்சாமி அண்ணன் அதற்கேற்ற அகலமான வாய் கொண்ட இன்னொரு மெஷினின் ஊசிகளை அதிகாலையிலேயே வந்து கழுவி வைத்திருந்தார். இந்த முறை எண்ணெயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கடைசி உருளையை மாட்டினோம். கண்ணி தளர்வாக விழுந்ததால் நூல் இரண்டே தடவைதான் அறுந்தது. மனோஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். உருளையில் பாதி தீர்ந்தபோது, இரண்டு சாண் நீளத்துக்கு, வலை மாதிரி தொளதொளப்பாக ஒரு குழாய் இறங்கியிருந்தது.

செல்வி வெந்நீரில் வெப்பமானியை வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப போடவாக்கா?" என்று என்னைக் கேட்டாள். போடு என்றேன். குழாய் தண்ணீருக்குள் நெளிந்து, ஒடுங்கி, எங்கள் கண்ணெதிரே பென்சில் பருமனுக்கு வந்து நின்றது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலும் குழாயும் வாங்கி வந்தோம். நூல் தொங்கும் கொக்கியில் பாட்டிலை மாட்டினார் மனோஜ். வெறும் தண்ணீர் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது என்று செல்வி அதில் மஞ்சள் தூளைக் கரைத்து வடிகட்டி ஊற்றினாள். கீழே வெள்ளை பனியன் துணியை விரித்தோம். ஒரு முனையில் பாட்டில் குழாய், மறுமுனையில் ஒரு வாளி. நாடா சுற்றுகிற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

தண்ணீரைத் திறந்ததும் குழாய் வேர்த்தது. மேலெல்லாம் மஞ்சள் முத்துகள் துளிர்த்தன. இரண்டு துளி சொட்டித் துணியில் பொட்டாக விழுந்தன. மூன்றாவது துளி விழவில்லை. காத்திருந்தோம். தண்ணீர் மறுமுனை வழியாக வாளியில் ஊற்றிக்கொண்டே இருந்தது. துணியில் இரண்டே பொட்டு. இதன்மேல் உயிரணுக்களும் அவை ஒட்டும் பசையும் ஏறினால் அந்த இரண்டும்கூட இருக்காது.

வேலுச்சாமி அண்ணன் பாட்டிலிலிருந்து வரும் குழாயை விரலால் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, இதயம் துடிப்பது போலத் தண்ணீரை விட்டார். பின்னல் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கியது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். உயிருள்ள கையைத் தொட்டது போலவே இருந்தது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. பெண்களில் ஒருத்தி கைதட்டினாள், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தது. வேலுச்சாமி அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் எந்த வேலைக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"டெலிவரி எப்பங்க அம்மிணி?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். குணா அண்ணனைப் பற்றி, இரண்டு கைகளைப் பற்றி, கழுத்தைப் பற்றி. முதலில் ஆட்டுக்கு வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு அனுமதி வாங்க வேண்டும், பிறகு சில பேருக்கு மட்டும், அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் என்று சொன்னேன்.

"வருசக்கணக்கா ஆகும்ணே."

"அதுவரைக்கும் உங்கண்ணன் தாங்குவாருங்களா?"

எங்கள் வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. இவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு என் நெஞ்சிலிருந்து ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"தெரியலண்ணே. ஆறு மாசமும் இருக்கலாம், பத்து வருசமும் இருக்கலாம்."

அவர் மெஷினில் இருந்த உருளையைத் தொட்டுப் பார்த்தார்.

"தேதி தெரிஞ்ச ஆர்டருன்னாத்தானுங்க நாளைக்குப் பாத்துக்கலாமுன்னு வெக்க முடியும். தேதி தெரியிலீன்னா இன்னைக்கே ஆரம்பிச்சறோணுமுங்க. உருளையில பாதி நூலு இருக்குதுங்களே. சும்மா வெச்சுக்கிட்டு எங்கீங்க போறது?"

செல்வி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். மனோஜ் அறுந்த நுனியைத் தேடி எடுத்து ஊசியில் கோத்தார். வேலுச்சாமி அண்ணன் "முருகா" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.